எந்த ஊர்க் கோர்ட்டு?

பழுப்பு நிறத்தில் பெரிய உறை. ஓரங்கள் நைந்திருந்தன. விலாசத்தில் ஊர்ப் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்ததால் தபால்காரர் இரண்டு தெரு சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் அதை ரேஷன் கார்டும் கல்யாணப் பத்திரிகையும் இருந்த பிளாஸ்டிக் பையிலேயே வைத்து எடுத்து வந்திருந்தார். திருவாரூர் மாவட்டத்துத் தாலுகா நகரம் ஒன்றில், என் சீனியரின் மேசைமேல் அதைப் பிரித்தோம். அமெரிக்காவில் ஒரு கவுன்டி நீதிமன்றத்தின் சம்மன். கணவர் அங்கே விவாகரத்து கேட்டிருக்கிறார். 30 நாளுக்குள் பதில் தராவிட்டால் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது எதிர்த்தரப்பைக் கேட்காமலே, தீர்ப்பாகிவிடும் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. உறை கைக்கு வந்து அன்றைக்கு 19 நாள். என்ன காகிதம் இது, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமலே அத்தனை நாளும் போயிருக்கிறது.

"இதுக்கு நாங்க அங்க போவணுங்களா வக்கீலம்மா? இவளுக்கு பாஸ்போர்ட்டே கெடையாது" என்றார் அப்பா.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. சட்டக் கல்லூரியில் இந்தப் பாடத்தை எழுதி நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தேன். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, பிரிவு 13. வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போதெல்லாம் நம்மைக் கட்டுப்படுத்தாது என்பதற்கு ஆறு விதிவிலக்கு. அதிகாரமில்லாத கோர்ட்டு, வழக்கின் தகுதியை (யார் பக்கம் நியாயம் என்பதை) விசாரிக்காத தீர்ப்பு, பொருந்த வேண்டிய இந்தியச் சட்டத்தை ஒதுக்கிய தீர்ப்பு, இரு தரப்பையும் கேட்க வேண்டும் என்ற இயற்கை நீதிக்கு மாறான நடவடிக்கை, மோசடி, இந்தியச் சட்டத்தை மீறிய கோரிக்கை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாக ஒப்பிப்பேன். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு இன்னும் 11 நாள்தான் இருக்கிறது என்றால் அந்த ஆறையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அன்றிரவு பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். இந்தப் பாடத்தை நான் உண்மையில் படிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

சட்டங்களின் முரண் என்று இதற்குப் பெயர். பெயரைக் கேட்டால் இரண்டு நாட்டுச் சட்டங்கள் மல்லுக்கட்டி நிற்பதுபோல் தோன்றும். உள்ளே போனால் மூன்றே கேள்விதான். வழக்கை எந்தக் கோர்ட்டு விசாரிக்கலாம்? எந்த ஊர்ச் சட்டப்படி விசாரிக்க வேண்டும்? அங்கே வந்த தீர்ப்பு இங்கே செல்லுமா? பாடப்புத்தகங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கின்றன. ஒரு நாட்டுச் சட்டம் இன்னொரு நாட்டைக் கைகாட்ட, அது திரும்ப முதல் நாட்டையே கைகாட்டும் 'ரென்வா' என்ற கோட்பாட்டை எங்களுக்கு இரண்டு வாரம் நடத்தினார்கள். எங்கள் ஊர்க் கோர்ட்டில் ஒருமுறைகூட அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. சாதாரண மனிதர்கள் விழுந்து எழுவதெல்லாம் முதல் கேள்வியிலும் மூன்றாவது கேள்வியிலும்தான்.

இதன் வேர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பரீத்கோட் சமஸ்தானத்து ராஜாவிடம் கருவூல வேலை பார்த்த ஒருவர், வேலையை விட்டுவிட்டுத் தன் சொந்த ஜீந்த் சமஸ்தானத்துக்குத் திரும்பிவிட்டார். சில வருடம் கழித்து ராஜா அவர்மேல் பரீத்கோட் கோர்ட்டிலேயே பணத்துக்கு வழக்குப் போட்டு, அவர் வராமலே டிக்கிரி (கோர்ட்டுத் தீர்ப்பாணை) வாங்கி, அதை பிரிட்டிஷ் இந்தியக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார். 1894-இல், அன்றைய இந்தியாவுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அந்த டிக்கிரி செல்லாது என்றது. அந்த மண்ணில் இல்லாத, அந்தக் கோர்ட்டுக்கு எவ்வகையிலும் தன்னை உட்படுத்திக்கொள்ளாத ஒருவர்மேல், அவர் இல்லாதபோது தரப்படும் தீர்ப்பு வெளியே வெறும் காகிதம். ராஜாவே வாதி, ராஜாவின் கோர்ட்டு, எதிரே வேலையை விட்டுப்போன ஒரு மனிதர். படித்தபோது எனக்கு அந்தப் பழுப்பு உறைதான் நினைவுக்கு வந்தது. தீர்ப்பு சொல்லும் இடத்துக்கு ஒருத்தியால் போகவே முடியாது என்றால், அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் பாதி வழக்கை அப்போதே ஜெயித்துவிட்டான்.

அடுத்து நெவாடா வழக்கு. வழக்கின் பெயர் சட்ட மாணவர்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தின் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. 1955-இல் ஜலந்தரில் கல்யாணம், இரண்டு குழந்தைகள். 1959-இல் கணவர் வனவியல் படிக்க அமெரிக்கா போகிறார். முதல் வருடம் நியூயார்க்கில், பிறகு படித்ததும் வேலை பார்த்ததும் யூட்டா மாநிலத்தில். விவாகரத்து வாங்கியது மட்டும் நெவாடாவில். அங்கே ஆறு வாரம் தங்கியிருந்தாலே போதும், வழக்குப் போடலாம். மனைவி இங்கே ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டபோது, எங்களுக்குள் கல்யாணமே இப்போது இல்லை என்று அந்தத் தீர்ப்பை நீட்டினார். மனைவியின் டொமிசைல், அதாவது சட்டம் ஏற்கும் நிரந்தர ஊர், கணவனுடையதுதான் என்ற பழைய விதியைச் சொல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்றும்கொண்டது. 1974-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் அதைப் புரட்டிப் போட்டார். நெவாடாவில் குடியிருக்கும் எண்ணமே இல்லாதவர் அங்கே குடியிருப்பதாகச் சொன்னது அந்தக் கோர்ட்டையே ஏமாற்றியது. மோசடியில் பிறந்த தீர்ப்பு இங்கே ஏறாது. மற்ற நாடுகள் தங்கள் சூழலுக்கு உருவாக்கிக்கொண்ட விதிகளை நாம் அப்படியே எடுத்து மாட்டிக்கொள்ள முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது 1991-இல் வந்த திருப்பதி வழக்கு. 1975-இல் திருப்பதியில் கல்யாணம். மூன்று வருடத்தில் பிரிவு. கணவர் முதலில் திருப்பதி சப் கோர்ட்டில்தான் விவாகரத்து மனு போட்டார். அதில் தன் விலாசம் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் என்று எழுதியிருந்தார். பிறகு மிசோரி மாநிலத்துக் கோர்ட்டுக்குப் போய், 90 நாளாக நான் இந்த ஊர்க்காரன் என்றார். மனைவி இங்கிருந்தே, அந்தக் கோர்ட்டின் அதிகாரத்தை ஏற்காமல், பதில் அனுப்பினார். 1980-இல் மிசோரி கோர்ட்டு விவாகரத்து கொடுத்தது. சொன்ன ஒரே காரணம், மணவாழ்வு மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்பது. இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு காரணமே கிடையாது. அடுத்த வருடம் அவர் இங்கே வேறு கல்யாணம் செய்துகொள்ள, முதல் மனைவி இருதார மணக் குற்றம் சாட்டிப் புகார் கொடுத்தார்.

நீதிபதி பி.பி. சாவந்த் எழுதிய அந்தத் தீர்ப்பைத் தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். கோர்ட்டின் அதிகாரமும் விவாகரத்துக்கான காரணமும், எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது பொது விதி. எதிர்த்தரப்பு நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட்டு, நம் சட்டத்தில் உள்ள காரணத்தைக் காட்டியிருந்தாலோ, எதிர்த்தரப்பு தானாக விரும்பி முழுமையாக வழக்காடியிருந்தாலோ, இல்லை சம்மதித்திருந்தாலோ விதிவிலக்கு. இதையெல்லாம் கல்லூரியிலேயே குறிப்பெடுத்திருந்தேன். இயற்கை நீதியைப் பற்றிய பத்தியை மட்டும் அன்று கவனிக்காமல் கடந்துபோயிருக்கிறேன். நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது என்பது போதாது என்கிறது அது. எதிர்த்தரப்பு அந்த ஊருக்கு வந்து வழக்காடக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்று அந்தக் கோர்ட்டு பார்க்க வேண்டும். இல்லையென்றால் அவருடைய பயணச் செலவு, தங்கும் செலவு, வழக்குச் செலவு எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்யும்படி வழக்குப் போட்டவரிடம் கேட்க வேண்டும். அதைச் செய்யாத நடவடிக்கை இயற்கை நீதிக்கு மாறானது.

பஸ்ஸில் அந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். அதிகார வரம்பு என்ற பெரிய சொல்லுக்குள் வழிச்செலவுக் கணக்கு இருக்கிறது என்பதை ஒரு நீதிபதி ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். விமான டிக்கெட்டை யார் எடுப்பது? மூன்று வாரம் அந்த ஊரில் எங்கே தங்குவது? அங்கே வக்கீலுக்கு மணிக்கணக்கில் கட்டும் ஃபீஸை யார் கொடுப்பது? இந்தக் கேள்விகளை விட்டுவிட்டு நாடுகளுக்கு இடையிலான நல்லிணக்கம் என்று மட்டும் பேசினால், அது பாஸ்போர்ட் இருப்பவர்களுக்குள் நடக்கும் பேச்சு. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

சரி, 11 நாள் கணக்குக்கு வருகிறேன். பிரச்சினை இப்படி: பதிலே தராமல் விட்டால் அங்கே எக்ஸ்பார்ட்டி. பயந்துபோய் அங்கே ஒரு வக்கீலை வைத்து எதிர்வாதம் செய்தால், அந்தக் கோர்ட்டின் அதிகாரத்துக்குத் தானே உட்பட்டதாக ஆகிவிடலாம். அப்புறம் இங்கே வந்து அந்தத் தீர்ப்பு என்னைக் கட்டாது என்று சொல்லும் வழி குறுகிவிடும். சீனியர் சொன்னார்: "போகவும் கூடாது, பேசாம இருக்கவும் கூடாது. ஆட்சேபணைய மட்டும் எழுது. வழக்கோட உள்ள காலே வைக்காத."

கடிதத்தை நான்தான் எழுதினேன். முதல் வரைவு நான்கு பக்கம் வந்தது. அந்தப் பெண் பட்டதையெல்லாம் எழுதியிருந்தேன். சீனியர் பேனாவை எடுத்து அத்தனையும் அடித்தார். மீதி நின்றது ஒன்றரைப் பக்கம். இந்தக் கோர்ட்டுக்கு என்மேல் அதிகாரம் இல்லை. கல்யாணம் நடந்ததும் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்ததும் இந்தியாவில். வந்து வழக்காட எனக்கு வசதி இல்லை. கணவர் எந்தச் செலவும் தரவில்லை. இந்தக் கடிதம் அதிகாரத்துக்கு உட்படுவதாகாது. அவர் பட்டதில் ஒரு வரிகூட அதில் இல்லை. எழுதினால் அது வழக்கின் தகுதிக்குள் நுழைந்ததாகிவிடும். அவரிடம் படித்துக் காட்டியபோது, "அவ்வளவுதானா?" என்று கேட்டார். ஏன் அவ்வளவுதான் என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கையெழுத்துப் போடும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடிதத்தில் இன்னொரு பத்தியும் இருந்தது. அது நானாகத் தேடிப் பிடித்தது, இன்றும் பெருமையாக இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவருக்குச் சம்மனை முறைப்படி சேர்ப்பிக்க (சார்வு செய்ய) 1965-ஆம் வருட ஹேக் ஒப்பந்தம் ஒன்று உண்டு. இந்தியா 2006 நவம்பரில் சேர்ந்தது, 2007 ஆகஸ்ட் முதல் நடைமுறை. அமெரிக்காவும் அதில் உறுப்பினர். சேரும்போதே இந்தியா ஓர் எதிர்ப்பைப் பதிவு செய்திருக்கிறது: எங்கள் நாட்டில் இருப்பவருக்கு நேரே தபாலில் அனுப்பக் கூடாது, மத்திய சட்ட அமைச்சகத்தின் வழியாகத்தான் வர வேண்டும். அந்தப் பழுப்பு உறை எந்த அமைச்சகத்தையும் பார்க்காமல் நேராக வீட்டுத் திண்ணைக்கு வந்தது. உறைமேலிருந்த தபால் முத்திரைதான் சாட்சி. அதனால்தான் இன்றும் யார் வெளிநாட்டுக் காகிதம் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது, "உறைய வச்சிருக்கீங்களா?" என்றுதான். பாதிப் பேர் கிழித்துப் போட்டிருப்பார்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

படிக்கப் படிக்க, இந்தப் பாடத்தில் என் மனதுக்கு நெருக்கமான பகுதி டொமிசைல் என்று தெரிந்தது. நாம் முதல்முறை பார்க்கும் ஆளிடம் சொந்த ஊர் எது என்று கேட்கிறோமே, அதேதான். இருக்கும் ஊரை யாரும் கேட்பதில்லை. ஜார்ஜ் போவி என்று ஒருவர், கிளாஸ்கோவில் பிறந்தவர். 37 வயதில் வேலையை விட்டவர் பிறகு வேலைக்கே போகவில்லை. லிவர்பூலில் உடன்பிறந்தவர்களை அண்டிக் கடைசி 36 வருடம் இருந்தார். தாயார் இறந்தபோதுகூட ஊருக்குப் போக மறுத்தார் என்பார்கள். 1927-இல் இறந்தார். தன் கைப்பட எழுதிய உயிலில் சாட்சிக் கையெழுத்து இல்லை. ஸ்காட்லாந்துச் சட்டப்படி அது செல்லும், இங்கிலாந்துச் சட்டப்படி செல்லாது. அப்படியானால் அவர் எந்த ஊர்க்காரர்? 36 வருடம் இருந்தாலும், இருந்தது மட்டுமே போதாது, இதுவே இனி என் ஊர் என்ற எண்ணம் வேண்டும் என்று 1930-இல், அன்று பிரிட்டனின் உச்ச மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. அவர் கிளாஸ்கோக்காரராகவே இறந்தார். 36 வருடம் இருந்தவருக்கே ஊர் மாறாது என்று ஒரு சட்டம். ஆறு வாரத்தில் ஊர் மாறிவிடும் என்று இன்னொரு சட்டம். இரண்டையும் ஒரே நாளில் படித்தேன்.

சட்டம் மாறக் கடல் தாண்ட வேண்டியதுமில்லை. கடலூரிலிருந்து பஸ் ஏறி முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சியில் 1881-இல் வந்த ஆணைப்படி, தங்கள் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டு. ரெனோன்சான் என்று பெயர். 1963-இல் இந்து திருமணச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டியபோதும் அவர்களுக்கு அது பொருந்தாது என்று எழுதியே வைத்தார்கள். ஒரே மொழி, ஒரே சாப்பாடு. ஆனால் கல்யாணமும் பாகப்பிரிவினையும் பாரிசில் எழுதிய புத்தகத்தின்படி. அவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

பண விவகாரம் வேறு மாதிரி. வளைகுடாவிலிருந்து திரும்பிய பலருக்கு ஒரு நம்பிக்கை: அங்கே வாங்கிய கடன் அங்கேயே, விமானம் ஏறிவிட்டால் முடிந்தது. அது இப்போது உண்மையில்லை. அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 44ஏ-யின்படி, மத்திய அரசு பரஸ்பர நாடு என்று அறிவித்த நாட்டின் மேல்நிலைக் கோர்ட்டு கொடுத்த பண டிக்கிரியை இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் நேராக நிறைவேற்று மனு போட்டு வசூலிக்கலாம், நம் கோர்ட்டே கொடுத்த டிக்கிரிபோல. இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் பல காலமாகப் பட்டியலில் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் சேர்ந்தது 2020 ஜனவரி 17 அறிவிக்கையில். அமெரிக்காவும் இலங்கையும் பட்டியலில் இல்லை. அங்கே வாங்கிய தீர்ப்பை வைத்து இங்கே புதிதாகத் தாவா போட வேண்டும், அதற்கு மூன்று வருடக் காலவரம்பு. பட்டியலில் உள்ள நாடானாலும் பிரிவு 13-இன் ஆறு விதிவிலக்கும் எதிர்வாதமாகக் கிடைக்கும். அதைச் சொல்ல நேரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்குகளைப் பற்றி எழுதக் கை வரவில்லை. இங்கிலாந்தில் வாழ்ந்த தம்பதி. தாய் இரண்டு மகள்களோடு கோயம்புத்தூர் வந்துவிட்டார். இங்கிலாந்துக் கோர்ட்டு முதலில் உத்தரவு போட்டுவிட்டது, அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு வேறொரு வழக்கில் அந்தப் பார்வையை ஏற்கவில்லை. எந்தக் கோர்ட்டு முந்தியது என்பதைவிடக் குழந்தையின் நலன்தான் பெரிது என்றது. இரண்டு தீர்ப்பையும் படித்துவிட்டு இரண்டாவதன் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் மகளைப் பார்க்க முடியாத தகப்பன் ஒருவர் எங்கள் ஆபீசில் உட்கார்ந்து அழுததையும் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டு விவாகரத்தை நம் கோர்ட்டு ஏற்க மறுப்பதில் ஒரு கஷ்டமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அங்கே அவர் தனி ஆள், இங்கே இவர் இன்னும் அவருடைய மனைவி. இவர் வேறு வாழ்க்கை அமைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இங்கே ஒரு வழக்கு நடத்தித்தான் ஆக வேண்டும். இந்த நிலையைச் சரிசெய்யத் தெளிவான சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1976-இலேயே தன் 65-ஆவது அறிக்கையைக் கொடுத்துவிட்டது. அப்படி ஒரு சட்டம் வரவில்லை. திருப்பதி வழக்கின் 1991 தீர்ப்பு அந்த இடைவெளியில்தான் நின்றுகொண்டிருக்கிறது.

எங்கள் கடிதம் போய்ச் சேர்ந்தது. நான்கு மாதம் கழித்து விவாகரத்தும் ஆகிவிட்டது. நாத்தனார் வாட்ஸாப்பில் அனுப்பிய பிடிஎஃப் மூலம்தான் எங்களுக்கே தெரிந்தது. எங்கள் ஊர்க் கோர்ட்டிலேயே வழக்குப் போட்டோம்: அந்தத் தீர்ப்பு இவரைக் கட்டுப்படுத்தாது என்று விளம்புகை (கோர்ட்டின் அறிவிப்பு) கேட்டும், ஜீவனாம்சம் கேட்டும். 2003-இல் இந்து திருமணச் சட்டத்தின் 19-ஆவது பிரிவைத் திருத்தி, மனைவி தான் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம் என்று சேர்த்தார்கள். ஜீவனாம்ச மனுவும் அப்படியே. சட்டம் தன் கோர்ட்டைத் தூக்கிக்கொண்டு அவர் இருக்கும் இடத்துக்கே வந்திருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். கணவருக்குச் சம்மன் அனுப்ப நாங்களும் அதே அமைச்சகம், அதே ஹேக் வழியில்தான் போனோம். மாதக்கணக்கில் ஆயிற்று. ஜீவனாம்ச உத்தரவு வந்தாலும் அதை அமெரிக்காவில் வசூலிப்பது லேசில்லை. இங்கே கணவர் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. அதை நம்பித்தான் இருக்கிறோம்.

போன வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த அமெரிக்கத் தீர்ப்பின் ஜெராக்ஸைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யக் கேட்டார். சீனியர் எழுந்து, திருப்பதி வழக்கிலும் இதே மாதிரி ஒரு நகல்தான் வந்தது, முறைப்படி சான்றிட்ட நகல் இல்லாமல் அதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை என்றார். சான்றிட்ட நகல் கொண்டுவர அவகாசம் கொடுத்து நீதிபதி வாய்தா போட்டார்.

அந்தப் பெண் காலை 9:40-க்கே கோர்ட்டு வேப்பமரத்தடியில் வந்து நின்றிருந்தார். ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். பெண்களுக்கு இலவசம் என்பதால் கண்டக்டர் கொடுத்த கட்டணமில்லாத டிக்கெட், பிளாஸ்டிக் பைக்குள் அந்தப் பழுப்பு உறைக்குப் பக்கத்தில் இருந்தது. "இதையும் வச்சுக்கணுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் அக்கா என்றேன். கோர்ட்டு ஊழியர் அவர் பெயரைக் கூப்பிட்டார். உள்ளே போனோம்.